டர்போவின் மீது பழி

காரின் அடியில் எண்ணெய்ச் சொட்டைக் கண்டு பட்டறைக்குச் சென்றால், "டர்போ போய்விட்டது" என்பார்கள். வேற்றூரில், அரைகுறை ஹிந்தியில், நம்மவர்க்கு வாதாட வாய் வராது; பல ஆயிரம் ரூபாய்க்குத் தலையாட்டி விடுகிறோம். நேயர்களே, அதற்குமுன் சற்று ஆராய்வோம்.

சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905-லேயே காப்புரிமை கோரிய கருத்து இது. வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டிலுள்ள மறுசக்கரம் எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும். தண்டு நிமிஷத்திற்கு 1,00,000 சுற்றுக்கு மேலும் சுழலும். அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலமே! அவ்வெண்ணெய் அழுத்தத்தோடு வருகிறது. திரும்புவதோ தன் எடையால், கீழ்க்குழாய் வழியே. அக்குழாய் கரிபிடித்து அடைந்தாலும், எஞ்சினின் மூச்சுக்குழாய் அடைபட்டு உள்ளே வாயு தேங்கினாலும், எண்ணெய் இறங்க வழியின்றித் தண்டோரமாகப் பிதுங்கும். அந்நிலையில் புது டர்போவும் ஒழுகத்தான் செய்யும்.

ஆகவே முதலில் எஞ்சினைத் துடைக்கச் செய்து, சிறிது ஓட்டி, ஈரம் தொடங்கும் இடத்தைப் பாருங்கள். மேல்மூடியின் காஸ்கெட்டிலிருந்து வழிந்ததாயும் இருக்கலாம். குழாய்களைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் ஆறியபின் தண்டை அசைத்தால் சிறிது ஆடுவது இயல்பு. சக்கரம் கூட்டில் உரசினால் டர்போ தேய்ந்ததென்று பொருள்.

தாமதம் மட்டும் வேண்டாம். கொதிக்கும் டர்போவின்மீது சொட்டும் எண்ணெய் தீப்பற்றக்கூடும். காற்றுவழியில் எண்ணெய் மிகுதியாகப் புகுந்தால், டீசல் எஞ்சின் அதையே எரித்து, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் ஓடும்.