பம்பாய்த் துறைமுகத்தின் 66 தீரர்
(வாலிபர் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட பேச்சு)



தியாகம் என்னும் சொல்லை நாம் மேடைகளில் மிக எளிதாக வழங்குகின்றோம். அச்சொல்லின் விலை யாதென அறிய விரும்புவோர், இன்று மும்பை என வழங்கும் பம்பாய் மாநகரின் பைக்குலாப் பகுதியை நினைத்துப் பார்த்தல் வேண்டும். அங்கே தீயணைப்புப் படையின் தலைமை நிலையத்தில் ஒரு ஞாபகச் சின்னம் நிற்கின்றது. 1944ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 14ஆந் திகதி கடமையில் உயிர் நீத்த 66 தீயணைப்பு வீரருக்கு அந்நகரம் செலுத்தும் வணக்கம் அது. அச்சின்னம் நமக்குப் புகட்டும் பாடம் ஒன்றன்று, இரண்டு என்பதே நாம் இங்கு சொல்ல வந்தது.

இரண்டாவது உலக மகாயுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். 'போர்ட் ஸ்டிக்கீன்' என்னும் சரக்குக் கப்பல் இங்கிலாந்தின் பேர்க்கன்ஹெட் துறையிலிருந்து புறப்பட்டுக் கராச்சி வழியாக ஏப்ரில் 12ஆந் திகதி பம்பாய் விக்டோரியாத் துறையை அடைந்தது. அதன் வயிற்றில் ஏறக்குறைய 1,400 தொன் வெடிபொருள் இருந்தது. போதாதென்று, கராச்சியில் பஞ்சுப் பொதிகளையும் எண்ணெய்ப் பீப்பாய்களையும் ஏற்றியிருந்தனர். பஞ்சையும் நெருப்பையும் அருகருகே வைக்கலாகாது என்பது நம் வீட்டுச் சிறு பிள்ளையும் அறிந்த விஷயம். அங்கேயோ பஞ்சும் வெடிமருந்தும் ஒரே சரக்கறையில் அடுக்கப்பட்டிருந்தன!

14ஆந் திகதி பிற்பகல் இரண்டு மணியளவில் இரண்டாம் இலக்கச் சரக்கறையிலிருந்து புகை எழுந்தது. தீயணைப்புப் படையினர் விரைந்து வந்து குழாய்களைப் பூட்டி நீரைப் பாய்ச்சினர். தொன் தொன்னாக நீர் சென்றும் பஞ்சின் நடுவே கனன்ற தீ அடங்கவில்லை. கப்பலைச் சூழ்ந்திருந்த நீரே கொதித்ததென்றால் அவ்வெப்பத்தை என்னவென்பது! உள்ளே வெடிமருந்து இருப்பது தெரிந்த பின்னரும் அவ்வீரர் குழாயைக் கைவிடவில்லை. மாலை 4 மணி 6 நிமிடத்துக்குக் கப்பல் வெடித்துச் சிதறிற்று. அரைமணி நேரத்துள் இரண்டாவது வெடிப்பும் நிகழ்ந்தது. தொலைவிலுள்ள சிம்லா நகரத்துப் பூகம்பக் கருவியும் அந்த அதிர்ச்சியைப் பதிவு செய்தது. துறைமுகத்தில் நின்ற வேறு கப்பல்களும், பண்டசாலைகளும், அயலிலிருந்த குடிமனைகளும் அழிந்தன. பல நூற்றுவர் மாண்டனர். தீ அடங்க மூன்று நாட்கள் சென்றன.

அன்பர்களே, இவ்வீரர் யாருடைய நாட்டைப் பிடிக்கச் சென்றார்கள்? எந்தப் பகைவனைக் கொன்றார்கள்? முன்பின் அறியாத மக்களின் உயிரையும் உடைமையையும் காக்க நின்றார்கள். நின்ற இடத்திலேயே மாண்டார்கள். போர்க்களத்து வீரத்துக்கு இது எவ்வாற்றானும் குறைந்ததன்று. இது முதலாவது பாடம்.

இரண்டாவது பாடம் சற்றுக் கசப்பானது. அபாயகரமான சரக்கை ஏற்றி வந்த கப்பல் அதனை அறிவிக்கும் செங்கொடியைப் பறக்கவிடுதல் முறை. அன்று அக்கொடி ஏற்றப்படவில்லை. தீப் பற்றிய பின் கப்பலை வெளியே இழுத்துச் செல்வதா, நின்ற இடத்திலேயே மூழ்கடிப்பதா என்று அதிகாரிகள் பலர் பலவாறு கருதினர். ஒரு முடிவைக் கூறி அதனை நிறைவேற்றுவாரைத்தான் காணோம். பொறுப்புப் பலருடையதாயிற்று, ஆகவே ஒருவருடையதும் இல்லையாயிற்று. அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் குழாய் பிடித்து நின்ற அந்த 66 பேருமே.

அக்கப்பலிற் பொன் கட்டிகளும் இருந்தன. கடலடியைத் தூர்வாருந்தோறும் அவற்றிற் சில பல ஆண்டுகள் கழித்தும் வெளிவந்தன. போன பொன் இவ்வாறு மீண்டும் கிடைத்தது. போன உயிர் எந்தத் தூர்வாரலிலே கிடைக்கும்?

ஏப்ரில் 14ஆந் திகதி இந்தியா முழுவதும் தீயணைப்புச் சேவை நாளாக அனுட்டிக்கப்படுகின்றது. அதனைத் தொடர்ந்து ஒரு வாரம் தீத் தடுப்பு முறைகள் மக்களுக்கு விளக்கப்படுகின்றன. அது மிகவும் பொருத்தமானதே. மாலை சாத்துவதோடு நின்றுவிட்டால் நாம் பாதிக் கடனையே இறுத்தவர்களாவோம். அடுத்த வீரன் வீணே மாளாதபடி காப்பது மற்றப் பாதி. தியாகத்தைப் புகழ்ந்து கொண்டே அதற்குக் காரணமான அசட்டையை மறைத்து விடுவோமாயின், அந்தப் புகழ்ச்சியும் ஒரு வகைத் திரையே.

வாலிபர்களே! சித்திரைப் புத்தாண்டு பெரும்பாலும் பிறக்கின்ற அதே நாளில் இவர்கள் மாண்டார்கள். விளக்கேற்றிப் பட்டாசு கொளுத்தும் அந்நாளில் இவர்களை ஒரு கணம் எண்ணுங்கள். நமது விழாப் பந்தலிற் கிடுகை உராய்ந்துகொண்டு மின்கம்பி தொங்குகிறதா? மண்டபத்தின் பின்கதவுக்குக் குறுக்கே கதிரைகள் அடுக்கப்பட்டிருக்கின்றனவா? 'அது மற்றவர் பார்க்க வேண்டிய வேலை' என்று அப்பாற் செல்லாதீர்கள். கம்பியை அகற்றுங்கள், கதவைத் திறந்து வையுங்கள். பெரியோர்களும் 'இத்தனை வருடம் ஒன்றும் நடக்கவில்லையே' என்று அவர்களைத் தடுக்காதிருக்கும்படி வேண்டுகின்றோம். வெள்ளம் வருமுன் அணை கோலுவது கோழைத்தனமன்று. அதுவே பிறர் உயிரை மதிக்கும் பண்பு.

பைக்குலாவில் நிற்கும் சின்னத்துக்கு நாம் இங்கிருந்து மலர் தூவ இயலாது. அந்த 66 பேர் விட்டுச் சென்ற காவலில் ஒரு பங்கை நம் ஊரில் நாம் ஏற்றுக்கொள்ள இயலும். அதனை ஏற்போமாக.