மரபணுவை மௌனமாக்கலாம், சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா?

(சங்கத்தின் அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பல வருஷங்கள் உயிரணு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன் என்பதால், 'ஜீன் சைலன்சிங்' பற்றிப் பேசும்படி செயலாளர் என்னைப் பணித்தார். பெயரைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம். நம் அகத்துச் சமையலறையை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

பாட்டியின் சமையல் நோட்டு பீரோவில் பத்திரமாக இருக்கிறது. விசேஷ நாளில் அதிலிருந்து ஒரு துண்டுச் சீட்டில் குறிப்பெடுத்துச் சமையற்காரரிடம் கொடுக்கிறோம். அவர் அதைப் பார்த்துப் பதார்த்தம் செய்கிறார். உயிரணுவில் நோட்டு என்பது டி.என்.ஏ.; சீட்டு என்பது தூது ஆர்.என்.ஏ.; பதார்த்தம் என்பது புரதம். நோட்டைத் தொடாமல் சீட்டை மட்டும் கிழித்துவிட்டால் அந்தப் பதார்த்தம் இலைக்கு வராது. மரபணுவை மௌனமாக்குவது இதுதான்.

அமெரிக்காவின் ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் 1998-ல் ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள புழுவில் இதைக் காட்டினார்கள். 2006-ல் நோபல் பரிசு பெற்றார்கள். 2001-ல் சுமார் 21 எழுத்து நீளமுள்ள சின்னஞ்சிறு ஆர்.என்.ஏ. துண்டுகளால் மனித உயிரணுவிலும் இது சாத்தியமானது.

இரைப்பைப் புற்றுநோய்க்கு வருவோம். சாக வேண்டிய உயிரணு சாகாமல் தப்புவதற்கு 'சர்வைவின்' என்ற புரதம் துணைபோகிறது. ஆய்வுக்கூடத் தட்டில் வளரும் இரைப்பைப் புற்றணுக்களில் அதன் சீட்டைக் கிழித்தால் வளர்ச்சி மந்தமாகிறது. பல அணுக்கள் மடிகின்றன. பரவுவதற்கு உதவும் புரதங்களை அடக்கினால் ஊடுருவும் வேகமும் குறைகிறது. இவையெல்லாம் உண்மை.

ஆனால் தட்டு வேறு, மனித தேகம் வேறு. இந்தத் துண்டுகளை அப்படியே ரத்தத்தில் விட்டால் நொதிகள் சிதைத்துவிடும். மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். இவ்வகையில் முதல் மருந்தான பாட்டிசிரான் 2018-ல் அனுமதி பெற்றது, ஒரு பரம்பரை நோய்க்காக. பின்னர் கொலஸ்ட்ராலுக்கு இன்கிளிசிரான் வந்தது. இரண்டும் போய்ச் சேரும் இடம் கல்லீரல். அங்கே கொண்டு சேர்க்க வழி தெரிந்துவிட்டது. இரைப்பைக் கட்டிக்கு அப்படி நம்பகமான வழி இன்னும் அமையவில்லை.

சமீபத்தில் நம் அங்கத்தினர் ஒருவர் கேட்டார்: "தமக்கைக்கு இரைப்பையில் ஆரம்ப நிலைப் புற்றுநோய். ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. இந்தப் புது வைத்தியம் வரும்வரை காத்திருக்கலாமா?" கூடவே கூடாது என்றேன். ஆரம்ப நிலையில் அறுவை சிகிச்சை பலரைப் பூரணமாகக் குணப்படுத்துகிறது. ஆராய்ச்சி காத்திருக்கும், கட்டி காத்திருக்காது.

இன்னொன்று. "நாம் சைவம், நமக்கு வராது" என்று இருந்துவிடாதீர்கள். இந்நோய்க்கு முக்கியக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி சைவம், அசைவம் பார்ப்பதில்லை. அது புற்றுநோய் உண்டாக்கும் என்று 1994-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அறிவித்தது. பரிசோதனையில் கண்டுபிடித்து மாத்திரைகளால் ஒழிக்கலாம்.

ஐம்பதைத் தாண்டியவர்களுக்குப் புதிதாக அஜீரணம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, கறுப்பாக மலம் போவது இருந்தால் "வெறும் கேஸ்" என்று மாதக்கணக்கில் மாத்திரை போட்டுக்கொண்டிராதீர்கள். அந்த மாத்திரையே அறிகுறியை மறைத்துவிடக்கூடும். டாக்டரைப் பார்த்து எண்டோஸ்கோப்பி வேண்டுமா என்று கேளுங்கள்.