இரண்டாவது பாட்டரியின் விலை

கொல்கத்தா மாநகருக்கு மின்சாரம் புதியதன்று. 1899 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அந்நகரின் முதல் மின் நிலையம் இமாம்பாக் சந்தில் இயங்கத் தொடங்கியது. 1902 இல் டிராம் வண்டிகள் குதிரைகளைக் கைவிட்டு மின்சாரத்துக்கு மாறின. (இந்த ஒன்றில் சென்னை 1895 லேயே முந்திக்கொண்டது.) ஆனால் டிராம் வண்டி தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே சுமந்து செல்வதில்லை, தலைக்கு மேல் ஓடும் கம்பியிலிருந்து அவ்வப்போது பெற்றுக்கொள்கிறது. மின்சார ஸ்கூட்டருக்கு இவ்வசதி இல்லை. அது தன் மின்சாரத்தைப் பாட்டரியில் அடைத்துச் சுமந்தாக வேண்டும். அந்தப் பாட்டரியோ பயன்படுத்தினாலும் தேயும். பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் மெல்ல மெல்லத் தேயும். தேய்ந்த பின் புதியது வாங்க ஆகும் செலவே இவ்வுரையின் பொருள்.

தென் கொல்கத்தாவில் இரவீந்திர சரோவர் ஏரியை அடுத்துள்ளது டாக்குரியா. தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் லேக் மார்க்கெட் வட்டாரத்திலிருந்து அதிகத் தொலைவில்லை. சியால்தாவிலிருந்து தெற்கே செல்லும் புறநகர் இரயில் இங்கு நிற்கிறது. பேருந்து உண்டு, பங்கு ஆட்டோ உண்டு. எனவே நெடுந்தூரப் பயணத்துக்கு ஸ்கூட்டரை நம்பி இருக்க வேண்டியதில்லை. குழந்தையைப் பள்ளியில் விடுதல், கடைத்தெரு சென்று வருதல், நிலையம் வரை போதல் ஆகியவற்றுக்கே இத்தகைய பகுதியில் ஸ்கூட்டர் பெரிதும் பயன்படும். பாட்டரிக் கணக்கில் இந்தக் குறுந்தூரம் எவ்வளவு முக்கியமானது என்பது பின்னர் புலப்படும்.

பாட்டரி ஏன் தேய்கிறது? இன்றைய ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் உள்ளது லித்தியம் அயனி பாட்டரி. 1991 இல் ஜப்பானில் வணிகப் பொருளாக வெளிவந்த இதன் அடிப்படை ஆய்வுகளுக்காக குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019 இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்கின்றன. வண்டி ஓடும்போது திரும்பி வருகின்றன. ஒவ்வொரு முறையும் மிகச் சிறிதளவு லித்தியம் திரும்பி வராமல் முனையின் மேல் படலமாகப் படிந்துவிடுகிறது. இவ்விழப்பு வெப்பத்தில் விரைவுபடும். முழு மின்னேற்றத்துடன் நாட்கணக்கில் நிறுத்தி வைத்தாலும் மிகும். கொள்ளளவு தொடக்கத்தில் இருந்ததில் 70 அல்லது 80 சதவிகிதமாகக் குறையும்போது பாட்டரி மாற்றத்துக்கு உரியதெனக் கருதுவது வழக்கம்.

இனிச் செலவைப் பார்க்கலாம். 2024 ஆம் ஆண்டில் லித்தியம் பாட்டரியின் உலகச் சராசரி விலை, ஒரு யூனிட் (கிலோவாட்-மணி) கொள்ளளவுக்கு 115 டாலர் என ஒரு பன்னாட்டு ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. 2010 இல் இது ஆயிரம் டாலருக்கும் மேல் இருந்தது. விலை வீழ்ச்சி வியப்புக்குரியதே. ஆயினும் அது கார்களுக்கும் பேருந்துகளுக்கும் பெருமளவில் வாங்குவோரின் விலையாகும். ஒரே ஒரு ஸ்கூட்டருக்கு ஒரே ஒரு பாட்டரி வாங்குபவருக்கு அவ்விலையில் கிடைக்காது. கணக்கின் பொருட்டு யூனிட்டுக்கு 15,000 ரூபாய் எனக் கொள்ளலாம். 3 யூனிட் பாட்டரிக்கு 45,000 ரூபாய். 18 சதவிகித சரக்கு மற்றும் சேவை வரி 8,100 ரூபாய். ஆக மொத்தம் 53,100 ரூபாய்.

இத்தொகை பெரியதா, சிறியதா? வண்டி எவ்வளவு ஓடுகிறது என்று கேளாமல் இதற்கு விடை கூற இயலாது. கொல்கத்தாவில் பெட்ரோல் லிட்டர் 105 ரூபாய் அளவில் விற்றது 2025 இல். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் செல்லும் ஸ்கூட்டருக்குக் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 33 காசு எரிபொருட் செலவு. மின்சார ஸ்கூட்டர் ஒரு மின்னேற்றத்தில் 80 கிலோமீட்டர் செல்வதாகவும், இழப்பு உட்பட அதற்கு 3.4 யூனிட் ஆவதாகவும், யூனிட் விலை 8 ரூபாய் எனவும் வைத்துக்கொண்டால் கிலோமீட்டருக்கு 34 காசு. மிச்சம் ஏறத்தாழ 2 ரூபாய்.

உணவும் பொருட்களும் வீடு வீடாகக் கொண்டு சேர்க்கும் தொழிலாளி ஒருவர் நாளொன்றுக்கு 80 கிலோமீட்டர் வீதம் ஆண்டில் 300 நாட்கள் ஓட்டுவதாகக் கொள்வோம். அவருக்கு ஆண்டுக்கு 48,000 ரூபாய் மிச்சம்; பதின்மூன்று, பதினான்கு மாதங்களில் புதிய பாட்டரியின் விலை முழுவதும் கைக்கு வந்துவிடும். ஆயிரம் முறை மின்னேற்றத் தாங்கும் பாட்டரி அவருக்கு 80,000 கிலோமீட்டர் உழைக்கும். பாட்டரித் தேய்மானம் கிலோமீட்டருக்கு 66 காசுதான். நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர் செல்லும் அலுவலருக்குப் பாட்டரி எட்டாண்டு நிலைத்தால் தேய்மானம் 1 ரூபாய் 11 காசு, இன்னும் இலாபமே. டாக்குரியாவில் பள்ளிக்கும் கடைத்தெருவுக்குமாக நாளொன்றுக்கு 8 கிலோமீட்டர் மட்டும் ஓட்டும் குடும்பத்துக்கோ எட்டாண்டில் 19,200 கிலோமீட்டர்தான் ஆகும். தேய்மானம் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 77 காசு. மிச்சமாகும் 2 ரூபாயை இது விழுங்கிவிடுகிறது. குறைவாக ஓட்டினால் பாட்டரி நெடுநாள் உழைக்கும், ஆகவே செலவும் குறையும் என்பது பரவலான எண்ணம். கணக்கு அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது.

எனவே பாட்டரி விலையைப் பழுதுச் செலவாகக் கருதுவது பொருந்தாது. அது எரிபொருட் செலவின் ஒரு பகுதி. சில ஆண்டுகள் தள்ளி, ஒரே தவணையில் கேட்கப்படுவது. பெட்ரோல் வண்டிக்காரர் நாள்தோறும் கொடுத்துவிடுவதை மின்சார வண்டிக்காரர் ஒருநாள் மொத்தமாகக் கொடுக்கிறார். மேற்சொன்ன தொழிலாளி நாளொன்றுக்கு 53 ரூபாய் ஒதுக்கி வந்தால் ஆயிரமாவது நாளில் பாட்டரி விலை சேர்ந்திருக்கும். ஆனால் அன்றாட வருவாயில் வாழும் குடும்பத்தில் 53 ரூபாயை எடுத்துத் தனியே வைப்பது எளிதென்று அலுவலகத்தில் அமர்ந்து கணக்கிடுபவர்கள்தாம் கூறக்கூடும்.

அரசின் உதவி எங்கே நிற்கிறது என்பதையும் நோக்க வேண்டும். மின்சார வாகனங்களுக்கான ‘ஃபேம்’ திட்டம் 2015 ஏப்ரலில் தொடங்கியது. 10,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் 2019 இல் அதன் இரண்டாம் கட்டம் வந்தது. இரு சக்கர வாகனங்களுக்கான மானியம் பாட்டரியின் கொள்ளளவை வைத்தே நிர்ணயிக்கப்பட்டது: யூனிட்டுக்கு முதலில் 10,000 ரூபாய், 2021 ஜூனில் 15,000 ரூபாய், 2023 ஜூனில் மீண்டும் 10,000 ரூபாய், 2024 ஏப்ரலில் வந்த இடைக்காலத் திட்டத்தில் 5,000 ரூபாய். அதே ஆண்டு அக்டோபரில் தொடங்கிய ‘பி.எம். இ-டிரைவ்’ திட்டத்தில் தொடக்கத்தில் 5,000 ரூபாயாக இருந்தது, 2025-26 நிதியாண்டில் 2,500 ரூபாயாயிற்று. இவை யாவும் வண்டியுடன் வரும் முதல் பாட்டரிக்கு உரியவை. வரியிலும் இதே நிலை. 2019 ஆகஸ்டு முதல் மின்சார வாகனத்துக்கு வரி 5 சதவிகிதம். அதே பாட்டரியைப் பின்னர் தனியாக வாங்கினால் 18 சதவிகிதம். முதல் பாட்டரியை வாங்கச் சலுகை காட்டி அழைத்த அரசு, இரண்டாவதை வாங்கும்போது அதே மனிதரிடம் கூடுதல் வரி கேட்கிறது. எட்டாண்டு கழித்து வாங்குபவர் பெரும்பாலும் முதல் உரிமையாளர் அல்லர். பழைய வண்டியை வாங்கிய, அவரினும் வசதி குறைந்தவர். மாற்றுப் பாட்டரிக்கும் 5 சதவிகித வரி என்றால் மேற்கண்ட கணக்கில் 5,850 ரூபாய் குறையும்.

வேறொரு வழியும் பேசப்பட்டது. பாட்டரி இன்றி வண்டியை மட்டும் விற்கவும் பதிவு செய்யவும் 2020 ஆகஸ்டில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இசைவளித்தது. பாட்டரியை வாடகைக்குப் பெற்று, தீர்ந்ததும் நிலையத்தில் மாற்றிக்கொள்ளும் முறைக்கான வரைவுக் கொள்கையை 2022 ஏப்ரலில் நிதி ஆயோக் வெளியிட்டது. நாள் முழுவதும் ஓட்டுபவருக்கு இம்முறை பொருத்தமானது. ஆயினும் ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் வெவ்வேறு தொழிற்சாலைகளில் உருவாகிக் கொல்கத்தா வந்து சேரும் வண்டிகளுக்கு ஒரே அளவான பாட்டரி கிடையாது. இந்தத் தடை நீங்காமல் மாற்று நிலையங்கள் பெருகுவது கடினம்.

உத்தரவாதம் ஓரளவு துணை செய்கிறது. 2024 முதல் சில உற்பத்தியாளர்கள் எட்டாண்டு அல்லது 80,000 கிலோமீட்டர் வரை உத்தரவாதம் தரத் தொடங்கினர். ஆனால் டாக்குரியாவுக்கு மழைக்காலம் என்று ஒன்று உண்டு. 2025 செப்டம்பர் 23 ஆம் நாள் விடியுமுன் கொட்டிய மழையில் அண்டையிலுள்ள ஜோத்பூர் பார்க்கில் மட்டும் ஏறத்தாழ 285 மில்லிமீட்டர் பதிவாயிற்று. ‘ஐ.பி. 67’ என்ற தரக் குறியீடு பெற்ற பாட்டரி, ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்றே சோதிக்கப்படுகிறது. அன்று தெருக்களில் நீர் நின்றது அரை மணி நேரமன்று. வெள்ளச் சேதத்தை உத்தரவாதம் பொதுவாக ஏற்பதில்லை. முழுமைக் காப்பீடு எடுத்தவருக்கே ஈடு கிட்டும். மூன்றாம் நபர் காப்பீட்டுடன் நின்றுவிட்டவர் முழு விலையையும் தாமே ஏற்க வேண்டியதுதான்.

பாட்டரி முழுவதையும் மாற்றத்தான் வேண்டுமா என்பது மற்றொரு வினா. உள்ளே பல செல்கள் வரிசையாக இணைக்கப்பட்டுள்ளன. ஒரு தொகுதி நலிந்தாலும் முழுப் பாட்டரியும் நலிந்ததாகத் தோன்றும். அத்தொகுதியை மட்டும் மாற்றினால் செலவு பல மடங்கு குறையும். எனினும் பல பாட்டரிகள் பிரிக்க இயலாதவாறு ஒட்டி மூடப்பட்டுள்ளன. பயிற்சியற்ற கை திறப்பதில் ஆபத்தும் உண்டு. 2022 மார்ச்சில் வேலூரில் மின்னேற்றத்தில் இருந்த ஸ்கூட்டரால் ஏற்பட்ட தீயில் தந்தையும் மகளும் உயிரிழந்தனர். அவ்வாண்டு நேர்ந்த இத்தகைய விபத்துகளுக்குப் பின் பாட்டரிப் பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. பழுது பார்க்கும் உரிமைக்கென நுகர்வோர் நலத்துறை 2022 இல் அமைத்த ஏற்பாட்டில் மோட்டார் வாகனங்களும் அடங்கும். பயிற்சி பெற்ற பழுதுநரும், அவருக்குக் கிடைக்கும் அசல் செல்லும் இருந்தால்தான் அவ்வுரிமைக்குப் பொருள் உண்டு.

பழைய பாட்டரியின் மதிப்பில் ஈயத்துக்கும் லித்தியத்துக்கும் பெரும் வேறுபாடு உள்ளது. கொல்கத்தாவில் ‘டோட்டோ’ என வழங்கும் மின் ரிக்ஷாவின் ஈயப் பாட்டரிகள் ஓராண்டு, நன்கு பேணினால் ஒன்றரை ஆண்டு உழைக்கும். ஓட்டுநர் பழையவற்றைக் கொடுத்து, ஈயத்தின் எடைக்கேற்ற தொகையைக் கழித்துப் புதியவை வாங்குகிறார். இந்தச் சந்தைக்குக் கரிய மறுபக்கமும் உண்டு: முறையற்ற உலைகளில் ஈயம் உருக்கப்படுவது சிறாரைப் பாதிக்கிறது. உலகில் 80 கோடி சிறாரின் இரத்தத்தில் ஈயம் அபாய அளவில் உள்ளதென 2020 இல் யூனிசெஃப் வெளியிட்ட அறிக்கை கூறியது; அவர்களில் 27.5 கோடிக்கு மேற்பட்டோர் இந்தியர்.

லித்தியம் பாட்டரியைத் திரும்பப் பெறும் கடமையை 2022 ஆகஸ்டில் வெளியான பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளர் மீது சுமத்தியுள்ளன. பழையதற்குக் கடைக்காரர் எவ்வளவு கழித்துக் கொடுக்க வேண்டும் என்று அவை கூறவில்லை. 70 சதவிகிதத்துக்கு இறங்கிவிட்ட 3 யூனிட் பாட்டரியில் இன்னும் 2.1 யூனிட் தேங்கும். முறையாகச் சோதித்து ஏற்ற இன்வெர்ட்டருடன் இணைத்தால், மின்வெட்டின்போது 60 வாட் மின்விசிறிகள் நான்கை அது ஏறத்தாழ எட்டு மணி நேரம் இயக்கும். ஸ்கூட்டருக்கு ஆகாதென ஒதுக்கப்படும் அப்பாட்டரிக்கு இந்த எட்டு மணி நேரத்தின் மதிப்பைக் கணக்கிட்டுக் கழித்தால், மாற்றுச் செலவு 53,100 ரூபாயிலிருந்து குறையத் தொடங்கும்.