செம்பாட்டின் தடிப்பு



யாழ்ப்பாணக் குடாநாட்டு மண்வகைகளைப் பற்றிப் பேசும்படி வானொலி நிலையத்தார் கேட்டிருந்தார்கள். வடமராட்சி கிழக்கின் மணல், கடலேரி ஓரத்து உவர்த் தரவை, வழுக்கையாற்றுப் பக்கத்து வயல் மண் என்று எல்லாவற்றையும் எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனா செம்பாட்டிலேயே, நம் செம்மண்ணிலேயே, நின்றுவிட்டது. ஆகையால் மற்ற மண்காரர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். சுன்னாகம், இணுவில், கோண்டாவில், உரும்பிராய், கோப்பாய், புத்தூர்ப் பக்கங்களில் வானொலிக்கு முன்னால் இருப்பவர்கள் வாசலுக்கு வெளியே எட்டிப் பார்த்தால் போதும், நான் சொல்லும் மண் அங்கே கிடக்கும்.

அதன் நிறம் எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு தடிப்பு என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

விவசாயப் போதனாசிரியராக நான் வேலை தொடங்கிய காலத்தில் உரும்பிராய்ப் பக்கம் ஒரு தோட்டக் கிணறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். மண்மாதிரி எடுக்கப் போன நான் மேலே நின்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லுடைக்கும் பெரியவர் ஒருவர் கீழேயிருந்து, “தம்பி, மேல நிண்டு பாத்தால் மண் தெரியாது. உள்ளுக்க இறங்கும்” என்றார். ஏணி வைத்து இறங்கினேன். மண்ணைப் பற்றிப் புத்தகத்தில் படித்ததெல்லாம் அந்தக் கிணற்றுச் சுவரில் எழுதியிருந்தது.

மேலே ஒரு சாண் அளவுக்குச் சற்றுக் கருமை கலந்த சிவப்பு. உழுது, குழை தாழ்த்து, எரு போட்ட மண் அது. அதற்குக் கீழே கலப்பில்லாத செம்மண், என் முழங்கால் உயரத்துக்கு. பிறகு உடைந்த கற்களும் மண்ணும் கலந்த ஒரு படை. அதற்கும் கீழே வெள்ளைப் பாறைதான். ஆனால் பாறையின் வெடிப்புகளுக்குள் செம்மண் ஆழ ஆழ இறங்கியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு பக்கத்துப் பலாமரத்தின் வேரும் இறங்கியிருந்தது. பெரியவர் தன் அலவாங்கால் ஒரு பொந்தைத் தட்டிக் காட்டினார். கை முழுதும் உள்ளே போயிற்று. “இதுக்குள்ளாலதான் தம்பி தண்ணி ஓடுறது” என்றார்.

அந்தப் பாறை, நாம் முருகைக்கல் என்கிற சுண்ணாம்புக்கல். மயோசீன் காலத்தில், ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், ஆழமில்லாத கடலடியில் படிந்தது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அது சுண்ணாம்பை அரிக்கிறது. சுண்ணாம்பு கரைந்து போக, கரையாத களியும் இரும்பும் பின்தங்குகின்றன. நம் செம்மண்ணின் பெரும்பகுதி அப்படி மிஞ்சியதுதான், சிவப்பு அந்த இரும்பு ஒட்சைட்டின் நிறம். ஒரு சாண் மண் சேர எத்தனை அடி பாறை கரைந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். கலட்டி நிலங்களில் அந்த ஒரு சாணும் கிடையாது. மண்வெட்டி வைத்தால் கல்லில்தான் படும்.

இந்த மாதிரி மண் உலகில் வேறிடங்களிலும் உண்டு. மத்தியதரைக் கடலோரச் சுண்ணாம்புக் குன்றுகளில் ஒலிவ மரமும் திராட்சையும் நிற்பது இதே குடும்பத்து மண்ணில்தான். தென் அவுஸ்திரேலியாவில் கூனவாரா என்று ஓர் ஊர். வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லின் மேல் ஒடுங்கிய ஒரு செம்மண் பட்டை; அதில் விளையும் திராட்சையால் அந்த ஊருக்கு உலகப் பெயர். நம் தோட்டங்களிலும் திராட்சைப் பந்தல்கள் நின்றதை மூத்த நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

நேயர்களே, ஒரு சின்னச் சோதனை. ஒரு பிடி செம்மண்ணை எடுத்து உலர்ந்தபடியே விரலால் தேயுங்கள். மணல்போல நறநறக்கும். இனித் தண்ணீர் விட்டு நன்றாகப் பிசையுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பசை தெரியும். களி உள்ளேயே இருக்கிறது. இரும்பு அதைச் சிறு மணிகளாகக் கட்டி வைத்திருக்கிறது. அதனால்தான் மாரியில் மழை விட்ட கையோடு தோட்டத்துக்குள் இறங்க முடிகிறது. ஆண்டுக்கு 1200 மில்லிமீற்றர் அளவில் பெய்யும் மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டினாலும், வழுக்கையாற்றைத் தவிர ஓர் ஆறு இங்கே உருவாகாததற்கும் காரணம் இந்த மண்ணும் இதன் கீழுள்ள பொந்துகளும்தான். விழுந்த தண்ணீர் நிலத்துக்குள் போய்விடுகிறது.

தண்ணீரைத் தாராளமாக உள்ளே விடும் மண், அதைத் தன்னிடம் வைத்திருப்பதில்லை. சோளகம் வீசத் தொடங்கினால் வெங்காயப் பாத்தி இரண்டு மூன்று நாளில் வாயைப் பிளக்கும். தண்ணீரோடு யூரியாவும் கீழே போகும். இதை நம் முன்னோர் ஆய்வுகூடம் இல்லாமலே கண்டுகொண்டார்கள். துலா மிதித்து இறைத்த நாளிலேயே பூவரசங்குழை, கிளுவங்குழை வெட்டிப் புரட்டிய மண்ணில் தாழ்த்தார்கள். ஆட்டுப்பட்டியும் மாட்டுப்பட்டியும் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிக் கட்டினார்கள். உக்கிய குழை மண்ணில் இருந்தால் ஈரமும் நிற்கும், போட்ட பசளையும் நிற்கும். கிணற்றுச் சுவரில் நான் பார்த்த அந்தக் கருஞ்சிவப்புச் சாண், தலைமுறை தலைமுறையாகக் கமக்காரர் கையால் உண்டாக்கியது. இயற்கை தந்தது சிவப்பு. கருமை நம் ஆட்களுடையது. இதைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் பெருமைதான்.

கோண்டாவிலில் வெங்காயம் செய்த தாயார் ஒருவர் ஒருநாள் என்னிடம் பசளை பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தவர், திடீரென்று, “சேர், இந்தக் கிணத்துத் தண்ணியைக் கைக்குழந்தைக்குக் குடுக்கலாமோ?” என்றார். அந்தக் கேள்வியை எல்லாத் தாய்மாரும் கேட்க வேண்டும். கீழே போகும் யூரியா நைத்திரேற்றாக மாறிக் கிணற்றைச் சேரும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நெருக்கமாகத் தோட்டம் செய்யும் நம் பகுதிகளில் பல கிணறுகள் அதைத் தாண்டியிருப்பதைத் தொடர்ந்து வந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கூடிய நைத்திரேற்று கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமப்பதைத் தடுக்கும். கொதிக்க வைத்தாலும் அது போகாது. தண்ணீரைக் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள் என்றுதான் அவரிடம் சொன்னேன். தடித்த மண் என்றால் அழுக்கை வடிகட்ட அவகாசம் இருக்கும். முழங்காலளவு மண்ணுக்கு அந்த அவகாசம் இல்லை. பாத்தியில் அளவுக்கு மிஞ்சிப் போட்ட யூரியாவும், மலசலகூடக் குழியின் கழிவும், பாறைப் பொந்து வழியே குடிதண்ணீரைத் தேடிப் போய்விடும். சுன்னாகம் மின்நிலையத்து எண்ணெய்க் கழிவு கிணறுகளில் கலந்து, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய் 2019 இல் தீர்ப்பானது உங்களுக்கு நினைவிருக்கும்.

புத்தூர்ப் பக்கத்து நிலாவரைக் கிணற்றைப் பற்றி விரிவாகச் சொல்ல ஆசை, நேரம் இடந்தரவில்லை. மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உவர்த் தண்ணீர் என்பதை மட்டும் சொல்கிறேன். குடாநாடு முழுதும் அப்படித்தான். நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் குறைந்தால், கீழே ஏறக்குறைய நாற்பது அடி நன்னீரை இழக்க நேரும். மிசின் போட்டு இறைக்கும் தம்பிமார் இந்தக் கணக்கை மனதில் வையுங்கள்.

ஐப்பசி மழைக்கு இன்னும் நாளிருக்கிறது. வேலியில் சீமைக்கிளுவை தழைத்து நிற்கும். இந்த முறை அதை வெட்டி எரிக்காமல் பாத்திக்குள் தாழ்ப்பீர்கள், யூரியாவை ஒரேயடியாகக் கொட்டாமல் பிரித்துப் பிரித்து இடுவீர்கள், கல்லெடுத்த குழிகளில் குப்பை கொட்ட விடமாட்டீர்கள் என்று நம்புகிறேன். குழை தாழ்த்த பாத்தியையும் தாழ்க்காத பாத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது முதலில் காய்கிறது என்று நிலையத்துக்கு எழுதுங்கள்.