தென்னை நிழலில் வாழை

பட்டினச்சேரி, திருமலைராயன்பட்டினம் பக்கம் தென்னங்கொல்லை வைத்திருப்பவர்கள் மரத்துக்கு இடையில் கிடக்கும் மண்ணைப் பார்த்து, "இந்த நிழலில் வாழை வருமா?" என்று கேட்பதுண்டு. வரும். ஆனால் தென்னையின் வயதைப் பார்த்துத்தான் இறங்க வேண்டும்.

ஏழு வயது வரை தென்னங்கன்று வெயிலை மறைக்காது. ஏழிலிருந்து இருபது வரை மட்டை அடர்ந்து தரை இருண்டுவிடும். அப்போது வாழை வேண்டாம், தீவனப்புல்லோ பசுந்தாள் உரப்பயிரோ போதும். இருபதைத் தாண்டினால் மரம் உயர்ந்து மறுபடி வெளிச்சம் இறங்கும். பூவனும் மொந்தனும் அந்தத் தோப்புக்கு ஏற்றவை.

உச்சிவெயிலில் தோப்புக்குள் நின்று தரையைப் பாருங்கள். பாதித் தரையிலாவது வெயில் விழுந்தால் நடலாம். அதற்கும் குறைந்தால் வாழை நெட்டையாக வளரும், குலை தள்ளத் தாமதமாகும், தாரும் சிறுக்கும். அளவான நிழலில் நீர்த்தேவை குறையும், காய் வெயிலில் வெந்துபோகாது, இலைப்புள்ளி நோயின் வேகமும் மட்டுப்படும். கடற்காற்று நேரே அடிக்காததால் இலை அதிகம் கிழியாது. இலை அறுத்து விற்பவர்களுக்கு அது லாபம்.

தென்னையைச் சுற்றி ஆறடிக்கு வாழை வேண்டாம். அங்கேதான் அதன் வேர் மும்முரம். இரண்டு பயிருக்கும் தனித்தனியாக எரு, தனித்தனியாகத் தண்ணீர். ஒன்றின் பங்கை மற்றது தின்றால் இரண்டும் நோஞ்சானாகும். உப்புத் தண்ணீரை வாழை தாங்காது. ஆகவே நடுவதற்கு முன் போர்த் தண்ணீரைப் பரிசோதித்துவிடுங்கள்.

மரநிழலில் வாழை நமக்குப் புதிதல்ல. கீழ்ப்பழனி மலையிலும் சிறுமலையிலும் காப்பி, மிளகு, நிழல்மரங்களோடு மலைவாழை வளர்கிறது. விருப்பாச்சி, சிறுமலை வாழை இரண்டுக்கும் 2008-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழனிப் பஞ்சாமிர்தத்தில் சேர்வது விருப்பாச்சிப் பழம். அப்பேர்ப்பட்ட தோட்டங்களையே முடிக்கொத்து நோய் சூறையாடியது. குருத்து குட்டையாகி, இலைகள் உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்கும், தார் வராது. அசுவினி பரப்பும் வைரஸ் இது, கன்று வழியாகவும் வரும். மருந்தில்லை; மரத்தை வேரோடு தோண்டி அழிப்பதுதான் வழி.

அதனால் நோயில்லாத தாய்மரத்தின் ஈட்டிக் கன்று அல்லது தரமான திசு வளர்ப்புக் கன்று மட்டும் வாங்குங்கள். சந்தேகமிருந்தால் காரைக்கால் வேளாண் அறிவியல் நிலையத்திலோ, பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண் கல்லூரியிலோ கேட்டுவிட்டு நடுங்கள். முதல் வருஷம் நான்கு தென்னைக்கு நடுவில் ஒரு வாழை வைத்துப் பாருங்கள். தார் எப்படி வருகிறது என்று பார்த்து, அடுத்த வருஷம் கூட்டிக்கொள்ளலாம்.