முகூர்த்தம் குறிக்கும் முன்னால் ஒரு கணக்கு
(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



போன ஆனி மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தோம். சேமிப்பு எழுதி முடிந்த பிறகு ஒரு அக்கா மெதுவாக, "மூணு மாசமா தவணை கட்ட முடியலம்மா, யாரும் தப்பா நினைக்காதீங்க" என்றார். விசாரித்தோம். மகள் கல்யாணக் கடன்.

ஐப்பசியில் பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டார், மார்கழி பிறந்தால் முடியாது, கார்த்திகையிலேயே வைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். சம்பா அப்போது பச்சையாக வயலில் நிற்கிறது. குழுவில் தீர்மானம் போட்டு, வங்கிக்கு அலைந்து கடன் வாங்க நாள் இல்லை. வெளியில் ஒரு லட்சம் வாங்கினார்கள், நூற்றுக்கு மூணு வட்டி. மாதம் 3,000 ரூபாய். ஏழு மாதத்தில் 21,000 கட்டியாச்சு. அசல் ஒரு லட்சம் அப்படியே நிற்கிறது! தையில் நெல் விற்ற காசு வட்டிக்கும், தலைப்பொங்கல் சீருக்கும், உரக்கடைக்குமாகச் சில்லறையாகப் போய்விட்டது.

"மாசியில வச்சிருந்தா என்னக்கா?" என்று கேட்டோம். கொஞ்ச நேரம் பேசவில்லை. "பாதிப் பணமாவது கையில இருந்திருக்கும்" என்றார். ஜோசியரிடம் நாள் கேட்டார்கள். இந்தக் கணக்கை அந்த வீட்டில் யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

நல்ல நேரம் பார்க்காதீர்கள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அது அவரவர் நம்பிக்கை. ஆடி, மார்கழி விலக்கு, புரட்டாசியிலும் பல வீடுகளில் செய்வதில்லை. மீதி மாதங்களில் மூணு, நாலு தேதி குறித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். அதில் நமக்கு எது தோது என்று பார்ப்பது நம்ம வேலை. கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டாலும் பணம் கணக்கில் ஏற நாளாகும். அதனால் தை முதல் வாரத்தில் வைத்துவிட்டுத் தவிக்க வேண்டாம். வளர்பிறை ஞாயிறு என்றால் ஊரெல்லாம் கல்யாணம், மண்டபமும் சமையல்காரரும் கிடைப்பதே பெரும்பாடு. பெண் படிக்கிறவளாக இருந்தால் பரீட்சை எப்போது என்று அவளையும் கேளுங்கள். அவளை விட்டுவிட்டு எல்லாரையும் கேட்கிறோம்.

பெண்ணுக்கு 18 முடியவில்லை என்றால் எந்த முகூர்த்தமும் நல்ல முகூர்த்தம் இல்லை. மாப்பிள்ளைக்கு 21. இது 2006ஆம் ஆண்டுச் சட்டம். வாய்க்கணக்கு வேண்டாம், பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். அப்படி ஒரு கல்யாணம் நடக்கப்போவதாகத் தெரிந்தால் 1098க்கு போன் செய்யலாம்.

அடுத்து, அன்றைய நேரம். விடியற்காலை 4.30 முதல் 6 என்றால் பெண் 2 மணிக்கே எழுந்திருக்கணும். முதல் பஸ்ஸில் வருகிற சொந்தக்காரர்கள் தாலி கட்டியதைப் பார்க்க முடியாது, வேன் வைத்தால் அதற்கு வாடகை. 6 முதல் 7.30 என்றால் காலைச் சாப்பாட்டோடு கூட்டம் பெரும்பாலும் கலைந்துவிடும். 9 முதல் 10.30 என்றால் டிபனும் போடணும், மதியச் சாப்பாடும் போடணும். ராகு காலம் திங்கள் 7.30 முதல் 9, சனி 9 முதல் 10.30, வெள்ளி 10.30 முதல் 12. இது காலண்டரிலேயே இருக்கிறது. மண்டபம் எத்தனை மணிக்குத் திறப்பார்கள், எத்தனை மணிக்குக் காலி செய்யணும் என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். ஒரு மணி நேரம் தாண்டினதற்குத் தனியாகப் பணம் கேட்டு, பந்தி நடக்கும்போதே தகராறு வந்த இடத்தில் நாங்களே நின்றிருக்கிறோம்.

கல்யாணம் முடிந்து 90 நாளைக்குள் பதிவு செய்துவிடுங்கள். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் எல்லா மதத்தாரும் பதிவு செய்ய வேண்டும்.

ஆறு மாதத்துக்குள் வீட்டில் கல்யாணம் வரும் என்று தோன்றினால் இப்போதே குழுவில் சொல்லுங்கள். மாப்பிள்ளை அமையட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தீர்மானத்துக்கும் வங்கிக்கும் நாள் வேண்டும்.

அந்த அக்காவுக்கு அவர் குழு உள்கடனாக 30,000 ரூபாய் கொடுத்திருக்கிறது, நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. வெளிக்கடனில் அதை அடைத்துவிட்டார், மாதம் 600 ரூபாய் வட்டி மிச்சம். சின்ன மகளுக்கு 16 வயது, பதினொன்றாம் வகுப்பு. போன வாரம் ஒரு சம்பந்தம் வந்ததாம். படிப்பு முடியட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.