பூஸ்ட்: ஏற்றுவதும் தாங்குவதும்

கார்புரேட்டர் வைத்த பழைய டர்போ காரில் பூஸ்டை, அதாவது டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தத்தை, ஏற்றுவது சிறு வேலைதான். டர்போவைச் சுழற்றும் புகையில் ஒரு பகுதியைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட்டைத் திறக்கும் ஆக்சுவேட்டரின் கம்பியைச் சில சுற்று குறைத்தால் அழுத்தமானியின் முள் ஏறிவிடும். ஏறிய அழுத்தத்தை இன்ஜின் தாங்கும்படி செய்வதில்தான் மெக்கானிக்கின் கலை இருக்கிறது.

இதற்கு நல்ல பாடம் 1985இல் பிரான்சில் வெளிவந்த ரெனோ 5 ஜிடி டர்போ. வார்ப்பிரும்பு பிளாக், 1397 சிசி, ஒரு சோலெக்ஸ் கார்புரேட்டர், காரெட் டி2 டர்போ, இன்டர்கூலர், 115 குதிரைத்திறன். இதில் டர்போ அழுத்திய காற்று கார்புரேட்டர் வழியாகவே இன்ஜினுக்குள் போகிறது. ஆகவே மிதவை அறையிலும் அதே அழுத்தம் நிற்கிறது. பெட்ரோல் அதை எதிர்த்து உள்ளே நுழைய வேண்டுமானால், பெட்ரோலின் அழுத்தம் எந்நேரமும் பூஸ்டைவிடச் சற்றே கூடுதலாக இருக்க வேண்டும். பூஸ்ட் ஏற ஏறத் தானும் ஏறும் ரெகுலேட்டர் இதைக் கவனித்துக்கொள்கிறது. பம்ப் தளர்ந்திருந்தாலோ, ரெகுலேட்டருக்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாய் வெடித்திருந்தாலோ, மிதவை அறை வற்றத் தொடங்கும். அதுவும் பெட்ரோல் அதிகம் தேவைப்படும் முழு பூஸ்டில்தான் வற்றும். பெட்ரோல் குறைந்து கலவை லீன் ஆகி, பிஸ்டன் உருகுவது பெரும்பாலும் இப்படித்தான்.

அடுத்த எதிரி வெப்பம். காற்றை அழுத்தினால் அது சூடேறும். 20 டிகிரி காற்றை 70 சதவீதத் திறனுள்ள டர்போ 0.7 பார் பூஸ்டுக்கு அழுத்தினால், வெளிவரும் காற்று ஏறத்தாழ 90 டிகிரி இருக்கும். 1 பாருக்கு அழுத்தினால் 110 டிகிரியைத் தாண்டும். இன்டர்கூலர் இதில் ஒரு பகுதியைத்தான் தணிக்கும். சூடும் அழுத்தமும் சேரும்போது, தீப்பொறியால் எரிந்து வரும் கலவையை முந்திக்கொண்டு மீதிக் கலவை தானே வெடிக்கிறது. அதுவே நாக்கிங். டர்போ இன்ஜினில் அது சில நொடிகள் நீடித்தாலே ஹெட் கேஸ்கட்டும் பிஸ்டன் விளிம்பும் போய்விடக்கூடும்.

1962இல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர் இதைத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தெளித்துச் சமாளித்தது. 10.25:1 என்ற உயர்ந்த அமுக்க விகிதத்துக்கு அது கட்டாயம் தேவைப்பட்டது. திரவம் தீர்ந்தால் பூஸ்டைக் குறைக்கும் ஏற்பாடும் இருந்தது. ஆனாலும் பல உரிமையாளர்கள் தொட்டியை நிரப்பாமல் விட்டார்கள். பிறகு பல கார்களில் டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் பொருத்தினார்கள். தினசரிக் கவனத்தைக் கேட்கும் பாதுகாப்பு நெடுநாள் நிலைப்பதில்லை.

முறையான வேலை இன்ஜினின் உடல்நிலையில் தொடங்குகிறது. நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் ஒத்திருக்க வேண்டும். குழாய்கள், ரேடியேட்டர், ஆயில் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். பிறகு பெட்ரோல் பம்பும் ரெகுலேட்டரும். அதன்பின் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட். முழு பூஸ்டில் காற்று 12 பங்குக்கு பெட்ரோல் 1 பங்கு என்ற அளவில் கலவை ரிச்சாக இருப்பதை வைட்பேண்ட் மீட்டரில் உறுதிசெய்ய வேண்டும். பூஸ்டில் டைமிங்கைச் சற்றுப் பின்தள்ளி, ஒரு படி குளிர்ந்த ஸ்பார்க் பிளக் போட்டு, ஆக்டேன் உயர்ந்த பெட்ரோல் நிரப்பிய பிறகே ஆக்சுவேட்டரைத் தொட வேண்டும். அப்போதும் பூஸ்டை 0.1 பாருக்கு மேல் ஒரே தடவையில் கூட்டக் கூடாது.

ஒவ்வொரு கூட்டலுக்குப் பிறகும் முழு பூஸ்டில் ஓட்டி, அதே நிலையில் இன்ஜினை அணைத்து, ஓரமாக நிறுத்திப் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது பழைய வழக்கம். வெள்ளைப் பீங்கான்மேல் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகளோ, மினுங்கும் அலுமினியத் துகள்களோ தெரிந்தால் நாக்கிங் தொடங்கிவிட்டது. துகள்கள் பிஸ்டனிலிருந்து வந்தவை. உடனே பூஸ்டைக் குறைத்து, காரணத்தைத் தேட வேண்டும்.

ஆக்சுவேட்டர் குழாய் கழன்றால் பூஸ்ட் கட்டுமீறும். ஆகவே அளவைத் தாண்டினால் காற்றை வெளியேற்றும் வால்வும், ஓட்டுநர் கண்ணுக்கு நேரே அழுத்தமானியும் தேவை. இந்த வேலையின் தரத்தைச் சொல்வது உச்சக் குதிரைத்திறன் அல்ல. கோடை நண்பகலில், நீண்ட ஏற்றத்தில், முழு பூஸ்டில் ஏறி முடித்த இன்ஜின் மறுநாளும் அதே கம்ப்ரஷனைக் காட்டினால் அது தேர்ந்த கைவேலை.